பூட்டைக் கழற்றி வைப்பது ரிப்பேர் அல்ல

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் சில மாதங்களில் டைப் செய்வது, பிரிண்ட் எடுப்பது, மெயில் அனுப்புவது என்று ஒவ்வொன்றாகப் பழகிக்கொள்கிறார்கள். அதுவரை பெரிய சிக்கல் எதுவும் வருவதில்லை. ஒரு நாள் மோடத்தின் பாஸ்வேர்டை மாற்றலாம் என்றோ, வாசலில் மாட்டிய கேமராவை மானிட்டரில் பார்க்கலாம் என்றோ உட்காருகிறார்கள். பிரவுசரைத் திறந்து, இன்ஸ்டால் செய்த பையன் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துப் போன 192.168.1.1 போன்ற எண்ணை அடிக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ‘பிளக்-இன் இல்லை’ என்கிறது ஒரு கம்ப்யூட்டர். ‘உங்கள் செக்யூரிட்டி செட்டிங் இந்த அப்ளிகேஷனைத் தடுத்துவிட்டது’ என்கிறது இன்னொன்று. ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்று சிவப்பு அடையாளம் போட்டுப் பயமுறுத்துகிறது மூன்றாவது.

உடனே அந்தப் பையனுக்குப் போன் போகும். பதிலும் தயாராக இருக்கும். “செக்யூரிட்டியைக் கீழே இறக்கி வைங்க சார். பயர்வாலை ஆப் பண்ணுங்க. ஆன்ட்டிவைரஸ் இருந்தா எடுத்துடுங்க. ஓடும்.” சொன்னபடி செய்தால் ஓடவும் செய்கிறது! ஓடிவிடுவதால்தான் இந்தப் பதில் இத்தனை வருடமாக ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருக்கிறது. இந்தப் பதில் தவறு என்று சொல்லவே இந்தக் கட்டுரை. தவறு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் கேமரா தெரியாது. எனவே வேறு என்ன செய்யலாம் என்பதையும் சொல்கிறேன்.

நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன் என்பதால் எங்கள் பக்கத்து நிலவரத்தையே எடுத்துக்கொள்கிறேன். ரிட்டயர் ஆனதும் நிறுவனத்தின் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். இந்திரா நகர், மந்தாரக்குப்பம், வடலூர் என்று சுற்று வட்டாரத்தில் வீடு கட்டிக் குடியேறுகிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ கடல் கடந்தோ இருப்பார்கள். வீட்டில் வயதான இருவர் மட்டும். அதனால் வாசலில் ஒரு கேமரா, கொல்லைப்புறம் ஒன்று, ஹாலில் ஒன்று, டிவி ஸ்டாண்டுக்குக் கீழே ரெக்கார்டு செய்யும் டி.வி.ஆர். பெட்டி. ஊருக்கு வந்த பிள்ளை ஒரு புது லேப்டாப்பும் வாங்கி வைத்துவிட்டுப் போகிறது. அந்த ஒரே லேப்டாப்பில்தான் பாங்க் கணக்கு, பென்ஷன் விவரம், வருமான வரி, பேரப்பிள்ளையோடு வீடியோ பேச்சு எல்லாம். கேமராவும் அதிலேயே.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் வீட்டில் இதைப் பார்த்தேன். பாங்க் சைட் ஏன் மெதுவாகத் திறக்கிறது என்று பார்க்கத்தான் கூப்பிட்டார். திறந்து பார்த்தால் பயர்வால் ஆப். ஆன்ட்டிவைரஸ் ஆப். இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் எல்லா மண்டலத்துக்கும் ஆக்டிவ்எக்ஸ் தாராளமாகத் திறந்து விடப்பட்டிருக்கிறது. போதாததற்கு, எங்கிருந்தோ இறக்கிய நாலைந்து ‘வீடியோ பிளக்-இன்’கள். “கேமரா மாட்டின தம்பி செஞ்சுட்டுப் போனாரு. படம் தெரியுதே, அப்புறம் என்ன தப்பு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவரிடம் நான் கேட்டது இது: “அங்கிள், மைன்ஸ்ல கன்வேயர் பெல்ட் நின்னுடுச்சுன்னா, புல் கார்டு சுவிட்சை ஷார்ட் பண்ணிட்டு ஓட்டுவீங்களா?” முப்பது வருடம் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வேலை பார்த்தவர். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தெரியாதவர்களுக்கு: ஓடும் பெல்ட்டின் நெடுக ஒரு கயிறு போகும். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் அதை இழுத்து பெல்ட்டை நிறுத்தலாம். பெல்ட் அடிக்கடி நிற்கிறது என்பதற்காக யாரும் அந்த சுவிட்சைச் செயலிழக்கச் செய்வதில்லை. ஏன் நின்றது என்றுதான் பார்ப்பார்கள்.

பிளக்-இன் எங்கிருந்து வந்தது?

பிரவுசருக்குச் சொந்தமாகத் தெரிந்தவை அந்தக் காலத்தில் எழுத்தும் படமும்தான். வீடியோ, நகரும் வரைபடம், பெட்டியோடு நேரடியாகப் பேசும் புரோகிராம் எல்லாம் அதற்குத் தெரியாது. 1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 வந்தபோது, வெளியிலிருந்து ஒரு புரோகிராமைப் பிரவுசருக்குள் செருகிக்கொள்ளும் வசதி வந்தது. அதுதான் பிளக்-இன். ஜாவா ஆப்லெட்டும் அதே சமயத்தில் பிரபலமானது. மைக்ரோசாப்ட் 1996-ல் ஆக்டிவ்எக்ஸைக் கொண்டுவந்தது. பிறகு பிளாஷ்.

நெட்வொர்க் சாதனம் தயாரிப்பவர்களுக்கு இது பெரிய வரமாகப் போனது. ரவுட்டர், ஸ்விட்ச், கேமரா, டி.வி.ஆர். எதற்கும் மானிட்டர், கீபோர்டு கிடையாது. தனி சாப்ட்வேர் எழுதி சி.டி.யில் கொடுப்பதை விட, பெட்டிக்குள்ளேயே ஒரு வெப் பக்கத்தை வைத்து, அதில் ஒரு ஜாவா ஆப்லெட்டையோ ஆக்டிவ்எக்ஸையோ ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. பெரிய கம்பெனிகளின் ஆபீஸ் ஸ்விட்ச்களும் பயர்வால்களும் பல வருடம் இப்படித்தான் வந்தன. இன்றும் பழைய ஸ்விட்ச் ஒன்றின் பக்கத்தைத் திறப்பதற்காகவே பழைய ஜாவா போட்ட ஒரு லேப்டாப்பை பீரோவில் பூட்டி வைத்திருக்கும் ஆபீஸ்கள் உண்டு. எங்கள் துறையில் அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. அது ஏன் சரியான வழி என்று பின்னால் வருகிறேன்.

பிளக்-இன்னில் ஒரே ஒரு குறை. சாதாரண வெப் பக்கத்தைப் பிரவுசர் ஒரு வேலிக்குள் வைத்து ஓட்டுகிறது. ஆக்டிவ்எக்ஸ் கன்ட்ரோலுக்கு அந்த வேலி கிடையாது. நீங்கள் உங்கள் கம்ப்யூட்டரில் என்னவெல்லாம் செய்யலாமோ அத்தனையையும் அதுவும் செய்யலாம். ஜாவாவுக்கு வேலி உண்டு. ஆனால் அதில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. 2013 ஜனவரியில் நிலைமை முற்றி, அமெரிக்க அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பே ‘பிரவுசரில் ஜாவாவை நிறுத்தி வையுங்கள்’ என்று பொதுமக்களுக்குச் சொன்னது. அடுத்த சில நாட்களில் வந்த ஜாவா 7 அப்டேட் 11-ல் செக்யூரிட்டி லெவலை ‘ஹை’ என்று ஆரக்கிள் மாற்றியது. 2014 ஜனவரியில் வந்த அப்டேட் 51, சரியான கையெழுத்தும் அனுமதிக் குறிப்பும் இல்லாத ஆப்லெட்டுகளை ஓடவே விடவில்லை. உலகம் முழுவதும் எத்தனையோ ரவுட்டர் பக்கங்கள், ஸ்விட்ச் பக்கங்கள் அந்த மாதத்தில்தான் மூடிக்கொண்டன.

பிறகு பிரவுசர்களே கதவை அடைத்தன. குரோம் 2015 ஏப்ரலில் பிளக்-இன்களை முடக்கி, செப்டம்பரில் முழுவதுமாக நீக்கியது. பயர்பாக்ஸ் 2017 மார்ச்சில் பிளாஷைத் தவிர மற்றதைக் கைவிட்டது. 2018 செப்டம்பரில் வந்த ஜாவா 11-ல் பிளக்-இன் என்ற சமாசாரமே இல்லை. பிளாஷ் 2020 டிசம்பர் 31-டன் முடிந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரை 2022 ஜூன் 15-ல் மைக்ரோசாப்ட் ஓய்வுபெற வைத்தது. இன்று கடையில் வாங்கும் விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் அது கிடையாது. எட்ஜ் பிரவுசருக்குள் ‘ஐ.இ. மோடு’ என்ற ஒரு ஜன்னல் மட்டும் மிச்சமிருக்கிறது.

பிரவுசர் கம்பெனிகள் செய்தது சரி என்பது என் கட்சி. சாதனம் வாங்கியவர்களை நட்டாற்றில் விட்டார்கள் என்ற புகாரிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் மீதிப் பாதிக்குப் பொறுப்பு, பிளக்-இன் சாகப்போகிறது என்று ஊருக்கே தெரிந்த பிறகும் அதை நம்பிப் பெட்டி விற்றுக்கொண்டிருந்தவர்களுடையது. டி.வி.ஆர். ஒன்றும் ஒரு வருடத்தில் தூக்கிப் போடும் பொருள் இல்லையே!

எந்த எரர், எந்தக் காரணம்?

எரர் வந்ததும் ஓகே கொடுத்து மூடிவிடாதீர்கள். இரண்டு வரிதான் இருக்கும், படியுங்கள். முடிந்தால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது உதவி கேட்கும்போது, ‘ஏதோ எரர் வருது’ என்பதை விட அந்தப் படம் நூறு மடங்கு பயன்படும்.

முதலில், இது பிளக்-இன் பிரச்சினைதானா என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் சி.எம்.டி. என்று ஆங்கிலத்தில் அடித்து கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் என்று அடித்து இடைவெளி விட்டு அந்த எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால் பெட்டிக்கும் உங்களுக்கும் பாதை இருக்கிறது. வராவிட்டால் கேபிள் கழன்றிருக்கலாம், பக்கத்து வீட்டு வைபையில் நீங்கள் இருக்கலாம், எண்ணே மாறியிருக்கலாம். ஐ.பி.கான்பிக் என்று அடித்தால் ‘டீபால்ட் கேட்வே’ என்ற வரியில் உங்கள் மோடத்தின் எண் தெரியும். சில பெட்டிகள் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். எனவே பதில் இல்லை என்பது மட்டுமே முடிவான ஆதாரம் ஆகாது. ஆனாலும் இதைப் பார்க்காமல் பிளக்-இன்னைக் குறை சொல்லிப் பாதி நாளைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, சிவப்பு எச்சரிக்கை. உங்கள் வீட்டு மோடம் தனக்குத் தானே ஒரு சான்றிதழ் எழுதி வைத்துக்கொண்டிருக்கும். வெளியில் யாரும் அதற்குச் சாட்சி சொல்லவில்லை என்பதால் பிரவுசர் முறைக்கிறது. 192.168 என்று ஆரம்பிக்கும் உங்கள் வீட்டு எண்ணில், உங்கள் வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும்போது மட்டும், ‘அட்வான்ஸ்டு’ கிளிக் செய்து உள்ளே போவதில் தவறில்லை. இதே எச்சரிக்கை பாங்க் பக்கத்தில் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். வீட்டு மோடத்தில் பழகிய விரல் பாங்கிலும் அதே பட்டனைத் தேடும் என்பதே எனக்குக் கவலை. எல்லா சைட்டிலும் இந்த எச்சரிக்கை வந்தால் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர்களில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். இதையே தலைகீழாகச் செய்யச் சொல்லும் ஒரு குறுக்கு வழியும் உண்டு. காலாவதியான ஜாவா சான்றிதழை ஏமாற்றுவதற்காகத் தேதியை வேண்டுமென்றே பின்னால் தள்ளுவது! தயவுசெய்து வேண்டாம். பாங்க் சைட் முதல் விண்டோஸ் அப்டேட் வரை மற்றதெல்லாம் குழம்பிப் போகும்.

‘பிளக்-இன்னை இறக்கிக்கொள்ளுங்கள்’ என்று பக்கமே கேட்டால் கூகுளில் தேடி முதலில் வருவதை இறக்காதீர்கள். பிளக்-இன் தேடுபவர்களுக்காகவே கடை விரித்திருக்கும் போலி சைட்டுகள் ஏராளம். ‘பிளாஷ் பிளேயர் அப்டேட்’ என்று இன்றைக்கு எங்கே கண்டாலும் அது போலிதான். அந்தப் பொருளே இப்போது கிடையாது.

மிச்சம் இருப்பது உண்மையான தடை. பெட்டி பிளக்-இன் கேட்கிறது, பிரவுசரோ ஜாவாவோ ‘விட மாட்டேன்’ என்கிறது. இங்கேதான் பொறுமை வேண்டும். பிரவுசரை எப்படியாவது ஓட வைப்பதற்கு முன், பிரவுசர் இல்லாமல் வேலை நடக்குமா என்று பாருங்கள். டி.வி.ஆர். பெட்டியின் பின்னால் எச்.டி.எம்.ஐ. அல்லது வி.ஜி.ஏ. வாய் இருக்கும். டிவியைச் செருகி, பெட்டியோடு வந்த மவுஸை மாட்டினால் பாஸ்வேர்டு மாற்றுவது முதல் பழைய ரெக்கார்டிங் பார்ப்பது வரை எல்லாம் அங்கேயே முடியும். வாங்கிய நாளிலிருந்து அந்த மவுஸ் அட்டைப்பெட்டியிலேயே தூங்கும் வீடுகள்தான் அதிகம். தயாரிப்பாளர்கள் பலர் கம்ப்யூட்டருக்குத் தனி சாப்ட்வேரும் செல்போனுக்கு ஆப்பும் தருகிறார்கள். ஹிக்விஷனுக்கு ஐ.வி.எம்.எஸ். 4200, தாகுவாவுக்கு ஸ்மார்ட் பி.எஸ்.எஸ். போல. அதற்குப் பிரவுசரே தேவையில்லை.

பிறகு பெர்ம்வேர். பெட்டிக்குள் ஓடும் சாப்ட்வேரைப் புதுப்பித்தால், பிளக்-இன் இல்லாமலே படம் காட்டும் புதிய பக்கம் சில மாடல்களுக்குக் கிடைக்கிறது. அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண்ணைப் பார்த்து, தயாரிப்பாளரின் சொந்த சைட்டிலிருந்து மட்டும் இறக்குங்கள். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் பெட்டி செங்கல்லாகிவிடக் கூடும். ஊருக்கே கரண்ட் கொடுக்கும் ஊரில் இருக்கிறோம் என்ற தைரியத்தில் யு.பி.எஸ். இல்லாமல் செய்ய வேண்டாம்.

இதெல்லாம் பார்த்தும் வழியில்லை என்றால்தான் பழைய கதவு. அதையும் ஒரு ஆளுக்கு மட்டும் திறக்க வேண்டும். எட்ஜ் பிரவுசரின் செட்டிங்ஸில் ‘டீபால்ட் பிரவுசர்’ பகுதிக்குப் போய், ஐ.இ. மோடை அனுமதித்து, பட்டியலில் உங்கள் டி.வி.ஆரின் எண்ணை மட்டும் சேருங்கள். 30 நாளில் அந்த அனுமதி தானாகக் காலாவதியாகும், மறுபடி சேர்க்க வேண்டும். தொல்லைதான். இருந்தாலும் நல்ல தொல்லை. அடுத்து இன்டர்நெட் ஆப்ஷன்ஸ் திறந்து, செக்யூரிட்டி டேபில் ‘டிரஸ்டட் சைட்ஸ்’ என்பதில் அதே எண்ணைச் சேருங்கள். எச்.டி.டி.பி.எஸ். கட்டாயம் என்ற டிக்கை எடுக்க வேண்டியிருக்கும். ஆக்டிவ்எக்ஸ் சம்பந்தப்பட்ட மாற்றங்களை அந்த மண்டலத்தில் மட்டும் செய்யுங்கள். அதிலும் ‘எனேபிள்’ வேண்டாம், ‘பிராம்ப்ட்’ போதும். ‘இன்டர்நெட்’ என்ற உலக உருண்டைப் படம் போட்ட மண்டலத்தில் கை வைக்கவே கூடாது. நான் பார்த்த லேப்டாப்பில் கை வைத்திருந்தது அங்கேதான்.

ஜாவா கேட்கும் பெட்டி என்றால் ஜாவா 8 வேண்டும். கன்ட்ரோல் பேனலில் ஜாவாவைத் திறந்து, செக்யூரிட்டி டேபில் ‘எடிட் சைட் லிஸ்ட்’ கொடுத்து, எச்.டி.டி.பி. உட்பட முழு முகவரியையும் சேர்க்க வேண்டும். போர்ட் எண் இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும். எண் மட்டும் அடித்துவிட்டு ‘ஓடவில்லையே’ என்று புலம்புபவர்கள் அதிகம். இந்த விதிவிலக்குப் பட்டியலை ஆரக்கிள் அந்த 2014 அப்டேட்டிலேயே கொடுத்துவிட்டது. இருந்தும், லெவலை மொத்தமாக இறக்கச் சொல்லும் பழைய அறிவுரைதான் காதுக்குக் காது பரவியது. 2014-ல் வந்த ஜாவா 8 அப்டேட் 20-ல் ‘மீடியம்’ லெவலே எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் ‘மீடியத்தில் வை’ என்று யாராவது சொன்னால், அவர் ஜாவா கன்ட்ரோல் பேனலைத் திறந்து பல வருடம் ஆகிறது என்று அர்த்தம். 2017 ஏப்ரலுக்குப் பின் எம்.டி.5 முறையில் கையெழுத்திட்ட ஆப்லெட்டுகளைக் கையெழுத்தே இல்லாதவை போல ஜாவா நடத்துகிறது. அதற்கும் ஒரு அறிவுரை உலவுகிறது: ஜாவாவின் செக்யூரிட்டி பைலை நோட்பேடில் திறந்து ஒரு வரியை அழித்துவிடுவது. அது உங்கள் பெட்டிக்கு மட்டும் கொடுத்த சலுகையாக இருக்காது. எம்.டி.5 கையெழுத்தைப் போலி செய்ய முடிந்த எல்லோருக்கும் கொடுத்த சலுகை.

பீரோவில் இருக்கும் ஆபீஸ் லேப்டாப்புக்கு வருகிறேன். பழைய ஜாவா, பழைய பிரவுசர் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் இன்டர்நெட் இருக்காது. ஒரு கேபிளை நேராக ஸ்விட்சில் செருகி, வேலையை முடித்து, மறுபடி பூட்டி வைப்பார்கள். உங்கள் வீட்டில் பழைய லேப்டாப் சும்மா கிடந்தால் அதையே இப்படி வைத்துக்கொள்ளலாம். டி.வி.ஆருக்கு ஒன்று, பாங்குக்கு ஒன்று என்று பிரிந்துவிடும்.

‘வீட்டுக்குள்தானே இருக்கிறது?’

இந்த வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். 192.168 என்பது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண், வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது, பிறகு எதற்கு இத்தனை பயம் என்கிறார்கள். எண்ணைப் பற்றிச் சொல்வது சரி. ஆனால் நீங்கள் இறக்கி வைத்த செக்யூரிட்டி அந்த எண்ணுக்கு மட்டும் இறங்கவில்லையே! அடுத்த டேபில் நீங்கள் திறக்கும் ஜாதகம் சைட்டுக்கும் சேர்த்துத்தான் இறங்கியிருக்கிறது. பயர்வாலும் அப்படியே.

ஐ.இ. மோடையே ஆயுதமாக்கியவர்கள் இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட்டின் கவனத்துக்கு ஒரு மோசடி வந்தது. நிஜம் போல இருக்கும் ஒரு பக்கத்துக்கு ஆட்களை வரவழைத்து, ‘இதை ஐ.இ. மோடில் திறங்கள்’ என்று சொல்லி, திறந்தவுடன் பழைய எஞ்சினின் ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தார்கள். அதற்குப் பிறகு மைக்ரோசாப்ட் எட்ஜின் டூல்பாரிலும் மெனுவிலும் இருந்த ஐ.இ. மோடு பட்டனைச் சாதாரணப் பயனாளர்களுக்கு எடுத்துவிட்டது. இப்போது செட்டிங்ஸுக்குள் போய், பக்கத்தைப் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டியிருப்பது அதனால்தான்.

பெட்டியும் முழுக்க வீட்டுக்குள் இருப்பதில்லை. பெங்களூரில் இருக்கும் பிள்ளை போனில் பார்க்க வேண்டும் என்பதற்காக மோடத்தில் ஒரு போர்ட்டைத் திறந்து விட்டிருப்பார்கள். அந்த நிமிடமே உங்கள் வீட்டு டி.வி.ஆர். ஊர்ப் பொதுச் சொத்து. 2016-ல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுவதும் கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் தேடிப் பிடித்தது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கம்பெனி வைத்த பாஸ்வேர்டுகள் அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அப்படிப் பிடித்த பெட்டிகளை வைத்து 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்றவை அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கின. நம் நாட்டில் 2017 ஜூலை கடைசியில் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் செத்துப்போயின. ‘அட்மின்’ என்ற பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த மோடம்கள்தான் அதில் சிக்கின. பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று பி.எஸ்.என்.எல். வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

இவை மெஷின்களுக்கு நேர்ந்தவை. 2025 பிப்ரவரியில் குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் நடந்தது வேறு வகை. ஒரு மகப்பேறு மருத்துவமனையின் பரிசோதனை அறைக் கேமரா காட்சிகள் யூடியூபிலும் டெலிகிராமிலும் வந்துவிட்டன. போலீஸ் பல மாநிலங்களில் ஆட்களைக் கைது செய்தது. அந்தப் பெண்கள் யாரும் எந்தப் பட்டனையும் அழுத்தவில்லை. ஹாலில் கேமரா மாட்டியிருக்கும் வீட்டுக்காரர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். நம் வீட்டு ஹாலில் நாம் வேட்டி கட்டுகிறோம், பீரோவைத் திறக்கிறோம், வெளியூர் போகும் தேதியைச் சத்தமாகப் பேசுகிறோம். என்னைக் கேட்டால் ஹாலுக்குள் கேமராவே வேண்டாம், வாசலும் கொல்லையும் போதும்.

கேமரா மாட்டும் தம்பிகளைத் திட்டுவது என் நோக்கமில்லை. ஒரு நாளைக்கு நாலு வீடு முடித்தால்தான் அவர்களுக்குக் கூலி கட்டும். படம் தெரிந்தால் காசு, தெரியாவிட்டால் மறுபடி அலைச்சல். ஆகவே படம் தெரிய எது குறுக்கு வழியோ அதைச் செய்கிறார்கள். வேலை முடிந்ததும் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: “எதையெல்லாம் ஆப் பண்ணினீங்க? எழுதிக் கொடுங்க.” எழுதித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஆப் செய்வது தானாகக் குறையும். அப்படியே பாஸ்வேர்டை அவர் எதிரில் இல்லாமல் மாற்றிவிடுங்கள். பாஸ்வேர்டை டி.வி.ஆர். மேலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டுப் போகும் வழக்கமும் நம் பக்கத்தில் இருக்கிறது. அதைக் கிழித்துவிடுங்கள்.

இனிமேல் வாங்கப்போகிறவர்களுக்கு வேலை சுலபம். கேமராக்களுக்குப் பாதுகாப்புப் பரிசோதனை கட்டாயம் என்று மத்திய அரசு 2024 ஏப்ரலில் அறிவித்தது. 2025 ஏப்ரல் 9 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சான்று பெற்ற மாடலா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடி விலையில் தலையில் கட்டப் பார்ப்பார்கள், கவனம். அதோடு கடையிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் சாதாரண குரோம் பிரவுசரைத் திறந்து, பெட்டியின் பக்கத்தை வரவழைத்து, எதையும் இறக்காமல், எந்த செட்டிங்கையும் மாற்றாமல் படம் காட்டச் சொல்லுங்கள். “அதுக்கு ஐ.இ. மோடு வேணும் சார், ஒரு சின்ன பிளக்-இன் போடணும்” என்று கடைக்காரர் ஆரம்பித்தால், அடுத்த மாடலை எடுக்கச் சொல்லுங்கள்.